மாடுலர் டாக்டிகல் ஹெல்மெட்: பாகங்களும் பொருத்தமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக இந்த வகை ஹெல்மெட் கைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எந்த விளக்கை எங்கே மாட்டலாம், எந்த ஹெட்செட் சேரும் என்று தொடங்குவார்கள். அணிந்து காட்டச் சொன்னால் ஹெல்மெட் பிடரியில் ஆடிக்கொண்டிருக்கும். அதனால் இந்தத் தொகுப்பில் பொருத்தத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். துணைக்கருவிகள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், தலையில் நிலையாக உட்காராத ஹெல்மெட் தேவையான நேரத்தில் தேவையான இடத்தில் இருக்காது.

மாடுலர் ஹெல்மெட் என்றால் என்ன? பழைய ராணுவ ஹெல்மெட்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஓடு, உள்பேட்கள், பிடரிப் பிடிப்புடன் கூடிய தாடைப்பட்டை, நெற்றியில் இருக்கும் ஷ்ரவுட் என்ற தகடு, இரு பக்கமும் ரெயில் எனப்படும் பள்ளம் வெட்டிய பட்டைகள். இவற்றைத் தனித்தனியாகக் கழற்றி மாற்ற முடிந்தால் அது மாடுலர். ஷ்ரவுட்டில் இரவுப்பார்வைக் கருவி தொங்கும். ரெயிலில் விளக்கு, ஹெட்செட், கேமரா போன்றவை ஏறும்.

அமெரிக்கப் படையின் வரிசையைப் பார்த்தால் மாற்றம் எளிதில் புரியும். 1941-இல் வந்த எம்1 எஃகு ஹெல்மெட். 1980-களில் அதன் இடத்துக்கு வந்த, அராமிட் என்ற வலுவான செயற்கை இழையால் ஆன பி.ஏ.எஸ்.ஜி.டி. ஹெல்மெட். அதில் தலையைத் தாங்கியது பேட் அல்ல, உள்ளே கட்டிய பட்டை வளையம். குப்புறப் படுத்தால் உடற்கவசத்தின் கழுத்துப் பகுதி ஹெல்மெட்டின் பின்விளிம்பைத் தள்ளும், முன்விளிம்பு கண்ணை மறைக்கும். 2000-களின் தொடக்கத்தில் வந்த மிச் வகையும் அதிலிருந்து பிறந்த ஏ.சி.எச். வகையும் விளிம்பைக் குறைத்தன, பட்டை வளையத்துக்குப் பதிலாக நுரைப் பேட்களைக் கொண்டுவந்தன. பிறகு காதுக்கு மேலே வெட்டப்பட்ட ஹை கட் ஓடுகளும் பக்க ரெயில்களும் பரவின.

ஓடு எதனால் செய்யப்படுகிறது? கெவ்லார் நல்லதா, பாலிஎத்திலீன் நல்லதா?

இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று அராமிட்; கெவ்லார், ட்வாரான் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்த வணிகப் பெயர்கள். மற்றொன்று மிகையெடை மூலக்கூறு பாலிஎத்திலீன். அதே பாதுகாப்புக்கு இது பொதுவாக எடை குறைவு. இரண்டையும் கலந்து அடுக்கிய ஓடுகளும் இருக்கின்றன.

அராமிட் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் புற ஊதா ஒளியும் நெடுநாள் ஈரமும் அதற்கு ஆகா. அதனால்தான் பூச்சும் விளிம்பு ரப்பரும் கெடாமல் இருக்க வேண்டும். பாலிஎத்திலீனுக்கு நீர் பொருட்டல்ல, வெப்பம்தான் எதிரி. அது ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே உருகும், அதற்கு வெகு முன்பே வலுவை இழக்கத் தொடங்கும். 'எது நல்லது' என்று ஒரே சொல்லில் பதில் கேட்பவர்களுக்கு: கழுத்துக்கு எடை குறைய வேண்டுமென்றால் பாலிஎத்திலீன், கடும் வெப்பத்துக்கு அருகே வேலை என்றால் அராமிட்.

பம்ப் ஹெல்மெட்டும் பார்க்க அப்படியேதானே இருக்கிறது. என்ன வித்தியாசம்?

அதே வடிவம், அதே ரெயில், அதே ஷ்ரவுட். ஆனால் தோட்டாவையோ குண்டுச் சிதறலையோ தடுக்காது. பம்ப் ஹெல்மெட் என்பது இடித்துக்கொள்வதிலிருந்தும் விழுவதிலிருந்தும் காக்க, பாலிகார்பனேட் அல்லது கார்பன் இழையால் செய்யப்படுவது. பலவற்றில் காற்றுத் துளைகளும் இருக்கும். பயிற்சி, மீட்புப் பணி, படகு வேலை ஆகியவற்றுக்கு அது மிகப் பொருத்தம்.

ஆபத்து எங்கே என்றால், உறை போட்டுவிட்டால் இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. உள்ளே ஒட்டியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். தயாரிப்பாளர், மாதிரி, அளவு, தொகுதி எண், தயாரித்த தேதி, பாதுகாப்பு நிலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். முத்திரையே இல்லாத ஓட்டைப் பொம்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்காக விற்கும் நகல்கள் அச்சு அசலாக இருக்கின்றன.

ஃபுல் கட், மிட் கட், ஹை கட்: எதை எடுப்பது?

ஃபுல் கட் காதையும் பொட்டுப் பகுதியையும் மூடும். ஹை கட் காதுக்கு மேலேயே நின்றுவிடும், ஹெட்செட் தாராளமாக உட்காரும், எடையும் குறையும். மிட் கட் இடைப்பட்டது. ஹை கட்டில் மிச்சமாகும் எடை வெட்டி எடுத்த பரப்பிலிருந்துதான் வருகிறது. அந்தப் பரப்பில் பாதுகாப்பு கிடையாது.

என் கருத்து இது: நாள் முழுவதும் ஹெட்செட் அணிந்தே வேலை செய்பவருக்கு ஹை கட். வெடிச்சிதறல் அச்சம் முதன்மையாக இருந்து, காதில் கருவி எதுவும் அணியாதவருக்கு ஃபுல் கட். தோற்றத்துக்காக ஹை கட் எடுத்து, காதில் எதையும் அணியாமல் திரிவது இரண்டு பக்கமும் நஷ்டம்.

என் தலைக்கு எந்த அளவு? சுற்றளவு மட்டும் போதுமா?

சுற்றளவில் தொடங்குங்கள். தையல்காரரின் அளவுநாடாவைப் புருவத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலே, பின்தலையின் மிகவும் புடைத்த இடம் வழியாகச் சுற்றி, இறுக்காமல் அளக்கவும். மூன்று முறை அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளவும்.

ஆனால் அது போதாது. ஒரே சுற்றளவுள்ள இருவரில் ஒருவருக்கு முன்பின் நீண்ட தலை இருக்கும், மற்றவருக்கு உருண்டைத் தலை. நீண்ட தலைக்காரருக்கு நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தும், பக்கங்களில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். உருண்டைத் தலைக்காரருக்கு நேர்மாறு. நீளத்தைப் பார்க்க ஒரு வழி: பின்தலை சுவரில் படும்படி நேராக நின்று, ஒரு கெட்டியான புத்தகத்தை நெற்றியில் தட்டையாக நிறுத்தி, சுவருக்கும் புத்தகத்துக்கும் இடையிலான தூரத்தை இன்னொருவரைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள். அகலத்தையும் இப்படிச் சுவரில் ஒரு காதை ஒட்டி நின்று அளந்தால் காது ஏமாற்றிவிடும். ஆகையால் அதற்குக் காதுகளுக்கு மேலே இரண்டு புத்தகங்களை வைத்து அவற்றின் இடைவெளியை அளக்கவும்.

இந்த மூன்று எண்களையும் அந்தத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒருவருடைய 'மீடியம்' இன்னொருவருடைய 'லார்ஜ்' ஆக இருப்பது சாதாரணம். இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுந்தால் பெரியதை எடுங்கள். பெரிய ஓட்டைப் பேட் கொண்டு நிரப்பலாம், சிறிய ஓட்டைப் பெரிதாக்க வழியில்லை.

பேட்களை எப்படி அடுக்குவது? ஏழையும் வைத்தே ஆக வேண்டுமா?

ஏ.சி.எச். வகையில் வழக்கமான தொகுப்பு ஏழு: உச்சிக்கு ஒரு வட்டப் பேட், முன்னும் பின்னும் இரண்டு சரிவகப் பேட்கள், பக்கங்களுக்கு நான்கு நீள்வட்டப் பேட்கள். அவை வெல்க்ரோவில் ஒட்டும். வேறு வகைகளில் எண்ணிக்கை மாறும். ஆனால் தொகுப்பில் வந்த எதையும் நீக்கக் கூடாது. பேட் வெறும் சொகுசுக்கு அல்ல. ஓட்டுக்கும் மண்டைக்கும் இடையே உள்ள இடைவெளியைக் காப்பது அதுதான். ஏ.சி.எச். பேட்டின் தடிமன் முக்கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். அந்த இடைவெளி ஏன் உயிர்நாடி என்பதைப் பின்னால் 'துளைக்காவிட்டால்' கேள்வியில் சொல்கிறேன்.

முதலில் உச்சிப் பேட்டை நடுவில் வையுங்கள். அடுத்து நெற்றிப் பேட். அதன் கீழ்விளிம்பு ஓட்டின் விளிம்போடு ஒட்டி, மிகச் சிறிதளவு கீழே இறங்கலாம். பிறகு பிடரி. கடைசியாகப் பக்கங்கள். நீண்ட தலைக்குப் பக்கப் பேட்களைக் கிடையாக வைத்தால் இடைவெளி அடையும், உருண்டைத் தலைக்குச் செங்குத்தாகத் திருப்பினால் அழுத்தம் குறையும். பேட்களுக்கு நடுவே காற்றுக்கு வழி விடுங்கள். ஒரு பக்கம் மெல்லிய பேட்டும் மறுபக்கம் தடித்த பேட்டும் வைத்தால் ஹெல்மெட் கோணலாக உட்காரும். மாற்றுவதாக இருந்தால் எதிரெதிர் இணையாக மாற்றவும்.

சரியாகப் பொருந்திவிட்டது என்று எப்படித் தெரியும்?

கண்ணாடி முன் நில்லுங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு ஏறத்தாழ அரை அங்குலம் மேலே, தரைக்கு இணையாக இருக்க வேண்டும். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் சாய்த்து அணிவது வழக்கமாகிவிட்டது. அது தவறு. நெற்றி திறந்துகிடக்கும், பிடரியில் விளிம்பு இடிக்கும்.

அடுத்து தாடைப்பட்டையை மாட்டாமல் தலையை மெதுவாக இடம் வலம் ஆட்டுங்கள். ஹெல்மெட் தலையோடு திரும்ப வேண்டும். பிறகு பட்டையை மாட்டி, இரு கைகளாலும் ஓட்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். புருவத்துக்கு மேலுள்ள தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர்ந்தால் பிடி சரி. தோல் அசையாமல் பேட் மட்டும் வழுக்கினால் தளர்வு. இன்னொருவரைப் பின்விளிம்பின் கீழே கை வைத்து மேல்நோக்கி முன்னால் தள்ளச் சொல்லுங்கள். ஹெல்மெட் கண்ணை மறைத்தால் பிடரிப் பட்டை தளர்வு. கடைசியாகக் குப்புறப் படுத்து, தலை நிமிர்த்தி எதிரே பாருங்கள். உடற்கவசம் அணிபவர்கள் அதை அணிந்துகொண்டே இந்தச் சோதனையைச் செய்யவும்.

பின்னால் இருக்கும் குமிழைத் திருகினால் எல்லா அளவும் சரியாகிவிடாதா?

ஆகாது. குமிழ் செய்வது கடைசி நுணுக்கச் சரிசெய்தல் மட்டுமே. பேட் அடுக்கும், ஓட்டில் நான்கு இடங்களில் பிணைந்த தாடைப்பட்டையும் சரியான பிறகு, குமிழை 'டிக் டிக்' என்று சில படிகள் திருகினால் பிடரிக்குக் கீழே உள்ள குழிவில் பிடிப்பு வந்து உட்கார வேண்டும். முழுவதும் திருகியும் ஆடுகிறது என்றால் ஓடு பெரிது அல்லது பேட் அடுக்கு தவறு.

பட்டையைக் கட்டும் வரிசையும் முக்கியம். குமிழைத் தளர்த்தி அணிந்து, பின்னிரண்டு பட்டைகளை முதலில் இழுத்து, பிறகு முன்னிரண்டையும் சமமாக இழுத்து, கடைசியில் குமிழைத் திருகவும். தாடைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும், வாயைத் திறந்து உரக்கப் பேசவும் முடிய வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கிறது. பழகிவிடுமா?

கழுத்துத் தசைச் சோர்வு பழகும். ஓரிடத்தில் குத்தும் வலி பழகாது, பழகவும் விடாதீர்கள். அரை மணி நேரம் அணிந்துவிட்டுக் கழற்றி நெற்றியைப் பாருங்கள். பரவலான இளஞ்சிவப்புத் தடம் பரவாயில்லை. காசு அளவில் அடர்சிவப்பாக ஒரே இடத்தில் தடம் இருந்தால் அங்கே எலும்பு பேட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பேட்டை ஒரு விரல் அகலம் நகர்த்திவிட்டு மீண்டும் அரை மணி நேரம் அணியுங்கள். உச்சியில் மட்டும் வலித்தால் மொத்த எடையும் வட்டப் பேட்டின் மேல் நிற்கிறது என்று பொருள். பக்கப் பேட்கள் பிடிக்கவில்லை.

நுரை வெப்பநிலைக்கு ஏற்ப மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். குளிரில் கெட்டியாகும், சூட்டில் இளகும். குளிரில் அணிந்தவுடன் வலிக்கிறது என்று பேட்டை மாற்றாதீர்கள். உடல்சூட்டில் அது இளக நேரம் கொடுங்கள்.

கண்ணாடி அணிகிறேன், கொண்டையும் போடுகிறேன். என்ன செய்வது?

கண்ணாடியின் கால் மெல்லியதாகவும் நேராகவும் இருக்கட்டும். பொட்டுக்கு அருகேயுள்ள பேட்டைச் சற்று மேலே நகர்த்துங்கள். கொண்டையை உச்சியில் போட்டால் ஹெல்மெட் தூக்கி நிற்கும். பிடரிப் பிடிப்புக்குக் கீழே தாழ்வான பின்னலாக விடுவதே நல்லது. அளவெடுக்கும் நாளில் எந்த முடி அலங்காரமோ, எந்த மெல்லிய உள்தொப்பியோ, அதையேதான் வேலை நாளிலும் அணிய வேண்டும்.

ஹெட்செட்டை ரெயிலில் மாட்டுவதா, தலைப்பட்டையோடு உள்ளே அணிவதா?

ரெயிலில் மாட்டினால் உச்சியில் பட்டை உறுத்தாது, பேட் அடுக்கு கலையாது, தேவைப்படாதபோது காதுக்கிண்ணத்தைப் பின்னால் ஒதுக்கிவைக்கலாம். ஆனால் காதை அழுத்தி மூடும் வலு ரெயில் வழியாகத்தான் வருகிறது. ஹெல்மெட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு காதில் இடைவெளி விழும், ஒலித்தடுப்பு போய்விடும். கண்ணாடிக் காலும் அதே இடைவெளியை உண்டாக்கும்.

ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் தொடர்பில் இருக்க வேண்டியவர்களுக்குத் தலைப்பட்டைதான் வழி. அப்போது மெல்லிய பட்டையாகத் தேர்ந்தெடுத்து, அது உச்சிப் பேட்டின் மேல் ஏறாமல் பேட்களுக்கு நடுவே உள்ள வழியில் போகும்படி அடுக்கை மாற்றவும். எப்படியானாலும் மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் ஹெட்செட் அணிந்தபடி மறுபடி செய்ய வேண்டும்.

இரவுப்பார்வைக் கருவி மாட்டினால் ஹெல்மெட் கண்ணில் விழுகிறது. பின்னால் எதிரெடை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அது இரண்டாவது வேலை. ஒற்றைக் குழல் பி.வி.எஸ்.-14 ஏறத்தாழ 350 கிராம். நான்கு குழல் கொண்ட அகலப்பார்வைக் கருவி அதைப்போல் இரு மடங்கு எடை. அத்தனையும் நெற்றிக்கு முன்னால், கழுத்திலிருந்து வெகு தூரத்தில் தொங்குகிறது. எனவே முதலில் பிடரிப் பிடிப்பைப் பாருங்கள், கருவியைக் கண்ணுக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவாருங்கள். இதிலேயே பாதிச் சிக்கல் தீரும்.

மீதிக்கு எதிரெடை. முன்னெடைக்குச் சமமாக வைக்க வேண்டியதில்லை. சமநிலை வந்தாலும் மொத்தச் சுமை கழுத்துக்குத்தானே? குறைவாகத் தொடங்கி, தலை முன்னால் இழுபடாத அளவில் நிறுத்துங்கள். வெறும் ஈயத்தைச் சுமப்பதைவிட, கருவிக்கு எப்படியும் தேவைப்படும் மின்கலப் பெட்டியைப் பின்னால் வைப்பதே புத்திசாலித்தனம்.

ஷ்ரவுட் இல்லாத ஓட்டில் நானே துளையிட்டுப் பொருத்தலாமா?

கூடாது. துளைபோடும்போது இழை அடுக்குகள் பிரியும், பாலிஎத்திலீன் ஓட்டில் துளைக்கருவியின் சூடு சுற்றியுள்ள பகுதியையும் கெடுக்கும். திருகாணியும் ஒரு பலவீனம்தான். தோட்டா பட்டால் அதுவே உள்ளே பாயக்கூடும். அதனால் தொழிற்சாலையில் இதற்கென்றே சோதித்த திருகாணிகளைப் பயன்படுத்துகிறார்கள், திருகாணியே இல்லாத ஓடுகளையும் சிலர் செய்கிறார்கள். இருக்கும் துளைகளுக்கு ஏற்ற ஷ்ரவுட்டை வாங்குங்கள். ஒரு துளை, மூன்று துளை என இரண்டு அமைப்புகள் பரவலாக உள்ளன.

'த்ரீ ஏ நிலை' என்று எழுதியிருக்கிறது. எல்லாத் தோட்டாவையும் தடுக்குமா?

தடுக்காது. த்ரீ ஏ என்பது 9 மி.மீ., .44 மேக்னம் போன்ற கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கான நிலை. 9 மி.மீ. தோட்டாவும் 7.62×39 ரைஃபிள் தோட்டாவும் ஏறத்தாழ 8 கிராம்தான். முதலாவது சோதனையில் நொடிக்கு 430 மீட்டர் அளவில் வரும், இரண்டாவது 700 மீட்டரைத் தாண்டும். ஆற்றல் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறுகிறது.

விற்பனையாளர்கள் சொல்லாத இன்னொன்று: அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பான என்.ஐ.ஜே. 1981-இல் வெளியிட்ட ஹெல்மெட் தரநிலை 0106.01-இல் த்ரீ ஏ என்ற நிலையே கிடையாது. அது உடற்கவசத் தரநிலையிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர். எனவே பெயரை நம்பாமல் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். எந்தத் தோட்டா, எந்த வேகம், ஓட்டின் எந்தெந்த இடங்கள், எத்தனை அடிகள் என்று அதில் இருக்கும். சிதறலுக்கு 'வி50' என்ற எண் தரப்படும். எந்த வேகத்தில் பாதிச் சிதறல்கள் துளைக்குமோ அந்த வேகம் அது. ஆகவே அதைப் 'பாதுகாப்பான வேகம்' என்று படிக்காதீர்கள்.

தோட்டா துளைக்காவிட்டால் தலை பத்திரம்தானே?

இல்லை. தடுக்கப்பட்ட தோட்டா ஓட்டை உள்பக்கமாகப் புடைக்க வைக்கும். ஏ.சி.எச். சோதனையில் களிமண் தலைவடிவத்தில் பதியும் பள்ளம் முன்னும் பின்னும் 25.4 மில்லிமீட்டருக்குள், பக்கங்களிலும் உச்சியிலும் 16 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். அந்தப் புடைப்பு மண்டையைத் தொடாமலிருக்க உதவுவது பேட் தரும் இடைவெளி. பக்கப் பேட்டை எடுத்துவிட்டு ஓடு பொட்டில் ஒட்டும்படி அணிபவர் அந்த இடைவெளியைத் தானே அழித்துக்கொள்கிறார். இடிபாடு, விழுதல் ஆகியவற்றிலும் அதிர்வை வாங்கிக்கொள்வது பேட்தான்.

முகக்கவசமும் தாடைக்காப்பும் சேர்க்கலாமா?

வாகனத்தின் மேல் நிற்பவருக்கும் கதவை உடைத்து நுழைபவருக்கும் பயன் உண்டு. தாடைக்காப்பு இருக்கும்போது துப்பாக்கிக் கட்டையில் கன்னம் படிகிறதா என்பதை முதலில் சோதித்துப் பாருங்கள். எடை மறுபடி முன்னால் போகிறது, அதற்கு இரவுப்பார்வைக் கருவி பற்றிச் சொன்னதே பொருந்தும். முகக்கவசத்தின் பாதுகாப்பு நிலை ஓட்டினுடையதைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதையே மலையேற்றத்துக்கும் பைக் ஓட்டவும் பயன்படுத்தலாமா?

பைக்குக்கு வேண்டவே வேண்டாம். சாலை விபத்தின் வேகத்துக்கு இது செய்யப்படவில்லை. மலையேற்றத்துக்கு, ஐரோப்பிய மலையேற்றத் தரநிலை ஈ.என். 12492 முத்திரை பெற்ற பம்ப் ஹெல்மெட் என்றால் சரி. தாடைப்பட்டையையும் கவனியுங்கள். அந்தத் தரநிலையில் பட்டை 500 நியூட்டன் வரை அறாமல் பிடிக்க வேண்டும், ஏனெனில் விழும்போது ஹெல்மெட் கழன்றுவிடக் கூடாது. தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கான ஈ.என். 397-இல் நேர்மாறாக 150 முதல் 250 நியூட்டனுக்குள் கழன்றுவிட வேண்டும், எதிலாவது மாட்டிக் கழுத்து இறுகிவிடக் கூடாது என்பதற்காக.

எப்படிக் கழுவுவது? காரிலேயே வைத்திருக்கலாமா? எத்தனை ஆண்டு தாங்கும்?

பேட்களைக் கழற்றி மிதமான சோப்பிலும் குளிர்ந்த நீரிலும் கையால் கழுவி, நிழலில் உலர்த்தவும். ஓட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர், பிளீச் எதுவும் படக் கூடாது. வண்ணம் தீட்ட விரும்பினால் தயாரிப்பாளர் ஏற்கும் பூச்சையே பயன்படுத்துங்கள், சூடேற்றி உலர்த்தாதீர்கள். வெயிலில் மூடிக்கிடக்கும் காரின் முன்பலகை, குறிப்பாகப் பாலிஎத்திலீன் ஓட்டுக்கு, மிக மோசமான இடம்.

பல தயாரிப்பாளர்கள் தோட்டாத் தடுப்புக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் தருகிறார்கள். பேட் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். அழுத்தி விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பாத பேட்டை மாற்றுங்கள். பூச்சுக்கு அடியில் குமிழி, விரலால் அழுத்தினால் இளகும் இடம், விளிம்பில் பிரியும் அடுக்கு, இவற்றில் எது இருந்தாலும் ஹெல்மெட்டை ஒதுக்கிவிடவும். தோட்டாவோ சிதறலோ பட்டது வெளியே சிறு கீறலாகத் தெரிந்தாலும் அது வேலை முடிந்த ஹெல்மெட்.

கைமாறிய ஹெல்மெட்டை வாங்கலாமா?

பம்ப் என்றால், விரிசல் பார்த்து, பேட்டும் பட்டையும் புதிதாக மாற்றி அணியலாம். தோட்டாத் தடுப்பு ஓடு என்றால் நான் வாங்கமாட்டேன். அது எங்கே விழுந்தது, எந்தச் சூட்டில் கிடந்தது, யார் துளையிட்டு அடைத்துப் பூசினார்கள் என்பதை வெளியிலிருந்து காண வழியில்லை.

எங்கள் குழுவில் ஒரே ஹெல்மெட்டை இரண்டு ஷிஃப்டில் இரண்டு பேர் அணிகிறோம். குமிழை மட்டும் மாற்றிக்கொண்டால் போதுமா?

இருவருக்கும் ஓட்டின் அளவு ஒன்றாக இருந்தால் சமாளிக்கலாம். ஆளுக்கொரு பேட் தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள், சுகாதாரத்துக்கும் அதுவே நல்லது. ஓட்டின் உள்ளே வெல்க்ரோவில் ஒவ்வொருவருடைய பேட் இடங்களையும் தனித்தனி நிறத்தில் குறித்துவிட்டால் அடுக்குவது எளிது. தாடைப்பட்டையில் அவரவர் அளவு எங்கே நிற்கிறது என்பதற்கும் ஒரு நூல் தையல் போடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது பேட், பட்டை, குமிழ் என்ற வரிசையில் மாற்றி, பின்விளிம்பைத் தள்ளிப் பார்க்கும் சோதனையை வாங்குபவருக்குக் கொடுப்பவரே செய்யட்டும். இருவரின் அளவும் வேறு என்றால் இரண்டாவது ஓடு வாங்கும்படி கேளுங்கள். புதிய விளக்கோ கேமராவோ வாங்க ஒதுக்கிய பணம் இருந்தால் அதை இதற்குத் திருப்பிவிடலாம்.